ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும்?

(இலாத்தரன் பெருங்கோவில் நேர்ந்தளிப்பு விழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஆண்டுதோறும் நவம்பர் 9ஆம் நாள் திரு அவை இலாத்தரன் பெருங்கோவிலின் நேர்ந்தளிப்பு விழாவைக் கொண்டாடுகிறது. உரோமையில் உள்ள இந்தக் கோவில்தான் திருத்தந்தையின் பேராலயம். ஒரு கோவிலின் விழாவுக்கு நம் தாய்த் திரு அவை தேர்ந்தெடுத்துள்ள முதல் வாசகம் எதைப் பற்றியது என்று கவனித்தீர்களா? அது ஓர் ஆற்றைப் பற்றியது.

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 47ஆம் பிரிவில் ஒரு காட்சி வருகிறது. கோவிலின் வாயிற்படிக்குக் கீழிருந்து தண்ணீர் கசிந்து கிழக்கு நோக்கி ஓடுகிறது. அளவுநூல் பிடித்த ஒருவர் இறைவாக்கினரைத் தண்ணீருக்குள் நடத்திச் செல்கிறார். ஆயிரம் முழம் போனதும் தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறது. இன்னும் ஆயிரம் முழம், முழங்காலைத் தொடுகிறது. இன்னும் ஆயிரம், இடுப்பளவு. அதற்கும் அப்பால் ஆயிரம் முழம் அளந்தபோது, நீந்தினாலன்றிக் கடக்க முடியாத ஆறாகிவிடுகிறது. அந்த ஆறு சாக்கடலில் போய்ச் சேருகிறது. சேர்ந்த இடத்தில் உயிர்கள் பெருகுகின்றன, கரையில் வலைகள் விரிக்கப்படுகின்றன, இரு கரையிலும் மரங்கள் காய்க்கின்றன.

இந்தக் காட்சியின் ஆன்மிகப் பொருளைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அது அருளைக் குறிக்கிறது, திருமுழுக்கைக் குறிக்கிறது. ஆனால் இன்று அந்த அளவுநூலை நம் கையில் வாங்கிக்கொண்டு, நம் தாமிரபரணிக்குள் இறங்கிப் பார்ப்போம். ஓர் ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் யாருக்கு வேண்டும்? முழங்கால் அளவு யாருக்கு? இடுப்பளவு யாருக்கு? பெருவெள்ளம் யாருக்கு? மனிதருக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், மரத்துக்கும் மீனுக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் என்று சேர்த்துக் கேட்போம்.

கணுக்கால் அளவு

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் மழை பெய்வது சில மாதங்கள்தான். மழையே இல்லாத மாதங்களிலும் மலை ஓடைகளில் தண்ணீர் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? காட்டிலிருந்து வருகிறது. உதிர்ந்த இலைகளும், மட்கிய மண்ணும், வேர்களும் மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு சொட்டுச் சொட்டாக விடுகின்றன. 1988இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது புலி மட்டும் காக்கப்படவில்லை. கீழே நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும் சேர்ந்து காக்கப்பட்டது.

அந்தக் கோடைக்காலத் தண்ணீர் பாறைகளுக்கிடையே கணுக்கால் ஆழத்தில் சலசலவென்று ஓடும். பார்ப்பதற்கு அற்பம். ஆனால் அந்தச் சலசலப்பில்தான் காற்று தண்ணீருக்குள் கலக்கிறது. நாம் மூச்சு விடுவதுபோல மீனும் மூச்சு விட வேண்டுமே! தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத்தான் அது செவுள்களால் எடுத்துக்கொள்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். அதே தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் ஏழரை மில்லிகிராம்தான் தங்கும். ஆகவே வெயில் ஏற ஏற, ஓட்டம் குறையக் குறைய, மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

அங்கே ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் பூச்சிகளின் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் பிள்ளைகள் வாலில் நூல் கட்டி விளையாடும் தட்டான்கூட தன் இளமைப் பருவம் முழுவதையும் தண்ணீருக்குள்தான் கழிக்கிறது. அங்கே அது கொசுப்புழுக்களைத் தின்று வளர்கிறது. கல்லில் படியும் பாசியை மேயச் சிறு மீன்கள், அந்த மீன்களைக் கொத்த மீன்கொத்தி என்று ஒன்றையொன்று சார்ந்த ஒரு குடும்பமே அந்தக் கணுக்கால் தண்ணீரில் வாழ்கிறது. அது வற்றினால் முதலில் சாவது நம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அதனால்தான் அந்தச் சாவுக்கு யாரும் துக்கம் கேட்பதில்லை.

முழங்கால் அளவு

ஆற்றில் ஆங்காங்கே மடுக்கள் இருக்கும். கோடையில் மீன்களுக்கு அவைதான் அடைக்கலம். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அங்கே ஒதுங்கி நின்று மழையை எதிர்பார்க்கும். முண்டந்துறைப் பக்கம் வாழும் நீர்நாய்கள் இந்த மடுக்களை நம்பித்தான் குட்டிகளை வளர்க்கின்றன.

ஒரு மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் இடையே முழங்கால் அளவாவது தண்ணீர் ஓடினால், அது அடைக்கலம். ஓட்டம் நின்றுவிட்டால், அதே மடு சிறைச்சாலை. தண்ணீர் சுருங்குகிறது, சூடாகிறது. வந்து விழும் சாக்கடையைக் கரைத்து இழுத்துச் செல்ல ஆளில்லாமல் அழுக்கு அடர்கிறது. தேங்கிய தண்ணீரில் அமலைச் செடி வந்து மூடிக்கொள்கிறது. ஆகாயத்தாமரை என்று புத்தகங்கள் சொல்லும் அந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது பாய் விரித்ததுபோல் படர்ந்தால் வெயில் உள்ளே இறங்காது. வெயில் இல்லாமல் அடியில் உள்ள நீர்த்தாவரங்கள் மடியும். மடிந்தவை அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரவு முழுவதும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்ததன் அடையாளம் அது.

அமலைச் செடியை நாம் ஆள் வைத்து அள்ளுகிறோம், இயந்திரம் வைத்து அள்ளுகிறோம். அள்ளத்தான் வேண்டும். ஆனால் ஓடும் தண்ணீர் குறைந்த இடத்தில், சாக்கடை கலக்கும் இடத்தில், அது மறுபடியும் வரும்.

இடுப்பளவு

பருவமழை தொடங்கியதும் ஆறு இடுப்பளவுக்கு ஏறுகிறது. கலங்கிய, குளிர்ந்த புதுவெள்ளம் வந்ததும் மீன் எதிரேறும் என்பது ஆற்றங்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் குளிர்வதும் கலங்குவதும் உயர்வதும்தான் பல மீன்களுக்கு, முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. அவை கால்வாய்களிலும் வயல் ஓரங்களிலும் ஏறி முட்டையிடும். வெள்ளம் குறித்த காலத்தில் வராவிட்டால், சினையோடு இருக்கும் மீன் காத்திருந்தே ஏமாந்துபோகும்.

இரு கரையிலும் நிற்கும் மருத மரங்களைப் பாருங்கள். நீர்மருது என்றே பெயர். அதன் வேர்கள் கரையை இறுகப் பிடித்து மண் சரியாமல் காக்கின்றன. அதன் காய்க்கு ஐந்து சிறகுகள் உண்டு. ஏறி வரும் ஆறு அந்தக் காயை மிதக்கவைத்து, கீழே ஒரு கரையில் ஈர மண்ணில் ஒதுக்கிவிட்டுப் போகும். அங்கே அது முளைக்கும். தண்ணீர் ஏறாத கரையில் பழைய மருதுகள் நிற்கும். புதிய கன்றுகள் அரிதாகிவிடும். நூறு வயது மரங்களின் நிழலில் நின்றுகொண்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். முதியோர் மட்டும் இருந்து குழந்தைகளே இல்லாத ஊரைப்போல அந்தக் கரை ஆகிவிடும்.

ஆற்றின் தண்ணீர் ஆற்றோடு நின்றுவிடுவதும் இல்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் கால்வாய் வழியாகக் கூந்தன்குளத்துக்குத் தண்ணீர் போகிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளத்துக்குக் கூழைக்கடாவும் நாரைகளும் கூடு கட்ட வருகின்றன. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. அந்த ஊர் மக்களின் வீட்டு மரங்களில்கூடப் பறவைகள் கூடு கட்டுகின்றன. மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. கால்வாயில் தண்ணீர் வராத ஆண்டில் பறவைகள் பெருமளவில் தங்குவதில்லை. மனிதர் எவ்வளவு அன்பு காட்டினாலும் தண்ணீர் இல்லாத குளத்தில் நாரை தன் குஞ்சுக்கு எதைக் கொடுக்கும்?

நீந்தும் ஆழம்

இனி பெருவெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டங்களில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே வெள்ளத்தில் நின்றுபோனது. வீட்டையும் ஆடுமாடுகளையும் உறவுகளையும் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வெள்ளம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அவர்களின் கண்ணீரை அவமதிப்பதாகும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் வரும் அளவான வெள்ளம் ஆற்றுக்கு வேண்டும். அதுதான் தேங்கிய அழுக்கைக் கழுவுகிறது, அமலையை அடித்துச் செல்கிறது, மணலையும் வண்டலையும் கீழே கொண்டுவருகிறது, முகத்துவாரத்தை அடைக்கும் மணல்திட்டை உடைத்துவிடுகிறது. ஆற்றின் இருபுறமும் அது விரிவதற்கு இடம் விட்டு வாழ்ந்தார்கள் நம் முன்னோர். அந்த இடத்தையும் நாம் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வெள்ளமும் பகையாளியாகத்தான் நம் வீட்டுக்குள் வரும்.

கடலில் கலப்பது வீணா?

இங்கே நாம் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். “இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது.” இதைச் செய்திகளில் கேட்கிறோம், மேடைகளில் கேட்கிறோம், நாமும் சொல்கிறோம். பிசானப் பயிர் காய்ந்து நிற்கும்போது ஒரு விவசாயி இதைச் சொன்னால் அவருடைய வேதனை நமக்குப் புரிகிறது. வறண்டு கிடக்கும் சாத்தான்குளம், திசையன்விளைப் பகுதிகளுக்கு வெள்ள உபரிநீரைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று மக்கள் கேட்டதும் நியாயமே. தாகத்தோடு இருப்பவரிடம் தத்துவம் பேசக் கூடாது.

ஆனாலும் “வீண்” என்ற சொல் சரியா? புன்னைக்காயல் போய்ப் பாருங்கள். ஆறு கடலைத் தொடும் இடத்தில் நன்னீரும் உப்புநீரும் கலந்த காயலில்தான் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்களுக்கிடையே இறால் குஞ்சுகளும் மடவை, கொடுவாக் குஞ்சுகளும் ஒளிந்து வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகின்றன. கடலில் வலை வீசும் நம் மீனவச் சகோதரர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவரும் மீனில், மலையில் பெய்த மழைக்கும் பங்கு உண்டு. விலாங்கு மீனின் கதை இதைவிட வியப்பானது. அது கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி வந்து, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே போகிறது. ஆறு கடலைத் தொடாத காலம் நீண்டால் விலாங்கின் வழி அடைபட்டுப்போகும்.

கரையில் இருப்போருக்கும் இதில் பங்குண்டு. நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உப்புநீர் எடை கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புநீரை அது தள்ளி நிறுத்தும் என்பது நிலத்தடிநீர் அறிவியலில் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறுகிறது என்று பொருள். ஆற்றில் தண்ணீர் வராமல், மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டேயிருந்தால், கிணறு கரிக்கத் தொடங்கும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமை. அந்தக் கொடிக்கால் உப்புத் தண்ணீரில் தாங்குமா? கடலை எல்லைக்கு வெளியே நிறுத்திவைக்கும் காவலாளுக்குக் கொடுக்கும் கூலிதான், கடலுக்குப் போகும் அந்தத் தண்ணீர்.

எசேக்கியேலின் ஆறு போகப் போக ஆழமாகிறது. நம் ஆறு கோடையில் போகப் போக ஆழம் குறைகிறது. மேலே ஒவ்வோர் இடத்திலும் எடுக்கிறோம்: வயலுக்கு, குடிநீருக்கு, ஆலைக்கு. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே மிஞ்சுவதுதான் மீனுக்கும் அலையாத்திக்கும்.

எசேக்கியேல் கண்ட சாக்கடலுக்கே இன்று இதுதான் நிலை. யோர்தான் ஆற்றின் தண்ணீரில் பெரும்பகுதி வழியிலேயே எடுக்கப்படுவதால், சாக்கடலின் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறைவாக்கினர் வலை விரிப்பதைக் கண்ட ஏன்கெதிப் பகுதியிலும் கரை வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. நிலம் ஆங்காங்கே குழிகளாக உள்வாங்குகிறது.

அந்த வாசகத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடல் நலம் பெற்றாலும், சதுப்பு நிலங்கள் மட்டும் உப்பாகவே விடப்படும் என்கிறார் இறைவாக்கினர். உப்பளங்களுக்கு நடுவே வாழும் தூத்துக்குடி மாவட்ட மக்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவது இறைவனின் திட்டமன்று. மடுவுக்கு ஒரு தண்ணீர், காயலுக்கு ஒரு தண்ணீர், உப்பளத்துக்கு ஒரு தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவு.

நம்மால் ஆவது

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று கூறுகிறார். அதே பகுதியில், நிலத்திலும் நீரிலும் வாழும் மற்ற உயிர்களுக்கும் தண்ணீர் இன்றியமையாதது என்பதையும் நினைவூட்டுகிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடக்க நூலில் மனிதரைப் படைப்பதற்கு முன்பே இறைவன் நீர்வாழ் உயிரினங்களுக்கு ஆசி வழங்கி, பெருகும்படி சொல்லிவிட்டார். நமக்கு முன் ஆசி பெற்றவர்களின் பங்கை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அணையைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. ஆனாலும் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. திருவிழா அசனம் முடிந்ததும் பிளாஸ்டிக் தம்ளரும் எச்சில் இலையும் வாய்க்காலில் போய் விழாதபடி ஒவ்வோர் அன்பியமும் பொறுப்பேற்கலாம். கழிவறைக் குழாய் கால்வாயில் திறந்திருக்கும் வீடு எதுவென்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். சண்டை போடாமல் பேசி மாற்றலாம். கரையில் மருதும் புன்னையும் நடலாம். நட்டதை இரண்டு கோடை காப்பாற்றலாம். கிராம சபை கூடும்போது, கடைசி அணைக்கட்டுக்குக் கீழேயும் கோடையில் கொஞ்சம் தண்ணீர் ஓட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேட்கலாம். வயல் வைத்திருப்பவரும் வலை வைத்திருப்பவரும் சேர்ந்து அதைக் கேட்டால், அதற்குத் தனி வலிமை உண்டு. நம் மறைமாவட்டங்களில் இருவருமே ஒரே பலிபீடத்தைச் சுற்றி நிற்கிறவர்கள்தானே!

இன்னொன்று, இன்றைக்கே செய்யக்கூடியது. நம் பேச்சில் “வீணாகக் கடலில் கலக்கிறது” என்ற வாக்கியம் வரும்போது சற்று நிறுத்துவோம். அருகில் பிள்ளைகள் இருந்தால், அந்தத் தண்ணீர் அங்கே போய் என்ன செய்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

படைப்பனைத்தையும் காத்துவரும் இறைவன், பொதிகை முதல் புன்னைக்காயல் வரை இந்த ஆற்றை நம்பி வாழும் எல்லா உயிர்களையும், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.